நுவரெலியாவில் எனக்கு எதற்குக் குளிரூட்டி?

கொழும்பில் வேலை செய்யும் தங்கை கேட்டாள் என்பதற்காக, போன மாதம் ஒரே ஒரு முறை குளிரூட்டியின் விலையைக் கைத்தொலைபேசியில் தேடினேன். அன்று பிடித்த விளம்பரச் சனி இன்னும் விடவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிளேன்டீயை ஊதி ஊதிக் குடிப்பவனிடம், "வெயிலில் வாடுகிறீர்களா?" என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? செய்தியைத் திறந்தாலும் குளிரூட்டி, மரக்கறி விலையைப் பார்த்தாலும் குளிரூட்டி, மரண அறிவித்தலுக்குக் கீழேயும் அதே குளிரூட்டி!

ஒரு பக்கம் திறந்து முடிவதற்குள், அதிலுள்ள விளம்பர இடத்துக்கு இயந்திரங்கள் ஏலம் நடத்தி முடித்துவிடுகின்றன. நான் எந்தத் தளத்தில் எதைப் பார்த்தேன் என்பதைக் குக்கிகள் எனப்படும், உலாவியில் பதியும் சிறு கோப்புகளைக் கொண்டு அடையாளம் வைத்து, அதற்கேற்ப எனக்கு விலை பேசுகிறார்கள். இவ்வளவு துப்பறியத் தெரிந்தவர்களுக்கு, இங்கே மூக்கு விறைக்கிறது என்பது மட்டும் ஏன் தெரியவில்லை? இணைய இணைப்பு கொழும்பு வழியாகப் போவதால், என்னையும் கொழும்புக்காரன் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள் போலும்.

லொத்தர் விற்கும் முச்சக்கரவண்டிக்காரர் எவ்வளவோ மேல். ஒலிபெருக்கி காதைக் கிழித்தாலும், வளைவு திரும்பியதும் போய்விடுவார். இவர்களோ படுக்கைவரை வருகிறார்கள், அதுவும் நான் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவிலேயே!

தங்கை குளிரூட்டி வாங்கி மூன்று வாரமாகிறது. நேற்றிரவும் எனக்கு வந்தது: "விசேட கழிவு, இன்று மட்டும்."