அல்சைமருக்குக் கஞ்சா எண்ணெயா?

"கஞ்சா எண்ணெய் இரண்டு சொட்டு போதும், அல்சைமர் பறந்துவிடும்." எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பியிருந்தார். அல்சைமர் என்கிற மறதிநோய் வந்த அண்ணனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எதையாவது செய்துவிட மாட்டோமா என்கிற தவிப்பு அவருக்கு. அதனால் கோபம் வரவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியை யாரும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.

அதில் சொல்லும் ஆய்வு நிஜம்தான். 2016-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டேவிட் ஷூபர்ட் குழுவினர் செய்தது. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேர்கிற அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தை நரம்பு செல்களுக்குள் குறைத்தது. ஆனால் அவை ஆய்வகத்தில் வளர்த்த செல்கள். மறு வருடம் ஜெர்மனியின் பான் நகரில், கொஞ்சமாக டிஎச்சி கொடுத்ததும் வயதான எலிகளின் நினைவுத்திறன் தேறியது. அவற்றுக்கு இருந்தது முதுமை, அல்சைமர் அல்ல. அதே மருந்து இளம் எலிகளை மந்தமாக்கியது. மனிதர்களுக்குப் போன நினைவைக் கஞ்சா திருப்பித் தந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை.

கஞ்சாவின் மேல் எனக்கு நம்பிக்கை இருப்பது வேறு இடத்தில்: நோயோடு வரும் பதற்றத்தைத் தணிப்பதில்.

மாலை ஆறு மணியானால் அப்பா மஞ்சள் பையில் வேட்டியும் டார்ச் லைட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அம்மா தேடும்" என்பார். நிற்பது அவரே கட்டிய வீட்டில். தடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து முறுக்குவார். இரண்டு முறை வளையல் உடைந்து கிழித்ததும் அம்மா கண்ணாடி வளையல் போடுவதையே விட்டுவிட்டார்.

இந்தப் பதற்றத்துக்குத் தரப்படும் மனநோய் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. மாற்று கட்டாயம் தேவை. டிஎச்சியைப் போலச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட நாபிலோன் மாத்திரையை டொராண்டோவில் 39 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. பதற்றம் குறைந்தது, தூக்கக்கலக்கம் கூடியது. அதற்கு முன்பு, 2015-இல், நெதர்லாந்தில் 50 பேருக்கு டிஎச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் போலி மாத்திரையைவிடப் பலன் ஒன்றும் கூடவில்லை. அளவு குறைவாக இருந்திருக்கலாம். பெரிய சோதனைகள் வந்தால்தான் தெளிவு பிறக்கும்.

அவை இங்கேயும் நடக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமே மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு வழி விட்டிருக்கிறது. இந்தியாவில் மறதிநோயோடு வாழும் முதியவர்கள் சுமார் 88 லட்சம் பேர். இத்தனை குடும்பங்கள் இருந்தும் நாம் ஏன் கேட்கவில்லை?

அதுவரை, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத எண்ணெயைப் பெரியவர்கள் வாயில் ஊற்றாதீர்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, கஞ்சாவின் இன்னொரு பொருளான சிபிடி அந்த மருந்தின் வேகத்தை ஏற்றி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம்.

சித்தப்பாவிடம் பேசினேன். "எண்ணெய் வேண்டாம் சித்தப்பா, ஆறு மணிக்கு நீங்க வாங்க" என்றேன். நேற்று வந்தார். "சரிண்ணே, வாங்க போகலாம்" என்று மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பினார். வாசலுக்கு வந்ததும் அப்பா, "வந்தாச்சா" என்று செருப்பைக் கழற்றினார்.