முப்பது நாள் லீவு, அதில் வீட்டுக்கு எத்தனை நாள்?

வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "ஆயா, இந்த வருஷம் கண்டிப்பா வந்துடுவேன்" என்று போனில் சத்தியம் பண்ணிய என் தம்பி வீட்டுக்குள் நுழைந்தது வைகாசி 5. அதற்குள் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அவன் அக்னிவீர், நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுத்த சிப்பாய். ஜம்முவுக்கும் மேலே எங்கேயோ இருக்கிறான். வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு. அதே முகாமில் ரெகுலர் ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60, கேஷுவல் 30, ஆக 90 நாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே சென்ட்ரி டியூட்டி, ஒரே குளிர். 19 வயசுப் பையனுக்கு வீட்டு நினைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் வருமா?

அந்த 30-லும் அவனுக்கு முதலில் கொடுத்தது 15. முகாமிலிருந்து ஜம்மு இறங்க ஒரு நாள். அங்கிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டரை நாள். திரும்பிப் போகவும் அதே கணக்கு. மிச்சம் எட்டு நாள். அதில் இரண்டு நாள் தூங்கியே கழித்தான், அம்மா எழுப்பவே விடவில்லை.

டிக்கெட் கதையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடியே திறந்து, மணிக்கணக்கில் தீர்ந்துவிடும். லீவு கையெழுத்தாகி வந்ததோ கிளம்ப நாலு நாள் இருக்கும்போது. ஸ்லீப்பர் தத்கலுக்கு 11 மணிக்கு நானும் அக்காவும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட். மிலிட்டரி கோட்டாவிலும் இடமில்லை. எல்லையில் நின்றவன் கழிவறை ஓரம் தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ஊர் வந்தான். கால் வீங்கிப் போயிருந்தது.

இதைவிடக் கொடுமை, கேட்கவே பயப்படுகிறான். நாலு வருஷம் முடிந்ததும் 100-க்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். போன தையில் ஆயா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது, "இப்ப லீவு கேட்டா பேரு கெட்டுடும்ணா" என்றான். பேர் கெடும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் நாலில் ஒருத்தன்தான் தங்குவான் என்று தெரிந்த பையன் வேறு எப்படி யோசிப்பான்?

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதுசில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் கல்லே வெட்டி வைத்திருக்கிறது: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர்தான். எங்கள் அப்பாவும் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். அவர் லீவில் வந்தால் ஏரியில் மீன் பிடித்து, கூரை மாற்றி, கடன் அடைத்து, எங்களை ஸ்கூலில் சேர்த்துவிட்டுப் போவார். அவ்வளவுக்கும் நாள் இருந்தது. தம்பி வந்த எட்டு நாளும் அப்பா காலண்டரைப் பார்க்கவே இல்லை.

வேலையை விடச் சொல்லவில்லை, சலுகையும் கேட்கவில்லை. ஒரே வேலை பார்ப்பவனுக்கு ஒரே லீவு கொடுங்கள். தேதியை 60 நாள் முன்னாடி சொல்லுங்கள், நாங்களே டிக்கெட் போட்டுக்கொள்கிறோம்.

மீதி 15 நாளைத் தீபாவளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். பதில் வரவில்லை. இன்று காலை 8 மணிக்கு அந்தத் தேதிக்கு ரிசர்வேஷன் திறந்தது. 8:20-க்குப் பார்த்தேன், வெயிட்டிங் லிஸ்ட் ஓடுகிறது. ஆயா கட்டிலில் இருந்தபடி, "புள்ளைக்கு டிக்கெட்டு போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.