தூங்கியவரை விடுங்கள், பாடத்தைப் பாருங்கள்

உள்ளாட்சி அலுவலர்களுக்கான பொது முதலீட்டு மேலாண்மைப் பயிற்சியில், அதாவது பொதுப் பணத்தில் சாலை, குழாய் போன்ற சொத்துகளைத் திட்டமிட்டுக் கட்டிப் பராமரிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பில், ஒருவர் கண்ணயர்ந்திருக்கும் அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். "வரிப்பணத்தில் மதியத் தூக்கம்" என்று எழுதியவரின் நகைச்சுவை உணர்வை மெச்சுகிறேன். அந்த மனிதரின் முகத்தை மறைத்துப் பகிரலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு. படத்தின் ஓரத்தில் ஒரு திரை தெரிகிறதே, அதில் என்ன இருந்தது என்று யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

நிகர நிகழ்கால மதிப்பைக் கணக்கிடும் சூத்திரம் இருந்தது: ஒரு திட்டத்தின் வருங்காலப் பயனையும் செலவையும் இன்றைய பண மதிப்புக்கு மாற்றி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கும் கணக்கு. அந்தச் சூத்திரத்தோடு எனக்குப் பகை ஏதுமில்லை. நானே பல வகுப்புகளில் அதைக் கற்பித்திருக்கிறேன். ஆனால் வடிகால், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று நாள்தோறும் கோப்புகளோடு மல்லுக்கட்டும் ஒருவரை வரவழைத்து, அவருடைய கோப்புகளில் ஒன்றைக்கூட மேசைமேல் வைக்காமல், யாரும் கட்டப்போகாத ஒரு கற்பனைப் பாலத்துக்குக் கணக்குப் போடச் சொன்னால் அவர் தூங்காமல் என்ன செய்வார்? அவரவர் கோப்பை வைத்து அவரவருக்குப் பாடம் நடத்துங்கள். இவ்வளவு காலமாக நான் சொல்லிவருவது இது ஒன்றைத்தான்.

பொது முதலீட்டினால் கிடைத்திருக்கக்கூடிய பயனில் சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடு நடைமுறைக் குறைபாடுகளால் வீணாகிறது என்று பன்னாட்டு நாணய நிதியம் 2015இல் மதிப்பிட்டது. முறைகளைச் சீர்படுத்தினால் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்குவரை மீட்கலாம் என்றும் சொன்னது. உலக வங்கி ஆய்வாளர்கள் 2010இல் பொது முதலீட்டு மேலாண்மையை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: தொடக்க நிலையில் வடிகட்டுதல், முறையான மதிப்பீடு, அந்த மதிப்பீட்டைச் சார்பற்ற ஒருவர் சரிபார்த்தல், தேர்வும் நிதி ஒதுக்கீடும், செயல்படுத்துதல், இடையில் நேரும் மாற்றங்களைக் கையாளுதல், உருவான சொத்தை இயக்குதல், முடிந்தபின் மதிப்பாய்வு. நான் கண்ட பயிற்சிகளில் பெரும்பாலானவை ஒன்று சூத்திரத்தில் நின்றுவிடும், இல்லையேல் ஒப்பந்தப்புள்ளி விதிகளில் போய் முடங்கிவிடும். திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தச் சொத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பாடமாக எடுப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பங்கேற்பாளனாக நான் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பில் இளநிலைப் பொறியாளர் ஒருவர் எழுந்து, "நீரேற்று நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டோம், அதன் மின்கட்டணத்தையும் இயக்குபவரின் சம்பளத்தையும் எந்தக் கணக்குத் தலைப்பில் காட்டுவது?" என்று கேட்டார். "அது இன்றைய பாடத்தில் இல்லை" என்றார் பயிற்றுநர். ஒப்புதல் தருவதற்கு முன்பே சொத்தின் ஆயுட்காலச் செலவைக் கணக்கிட வேண்டும், அதைத் தாங்க வருவாய் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற முழுப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அந்தக் கோப்பை அங்கேயே விரித்திருந்தால் அரங்கில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டார்கள். மாலையில் கருத்துப் படிவம் வந்தது. அரங்க வசதியும் பயிற்றுநரின் குரலும் எப்படி என்று கேட்டிருந்தார்கள். பயிற்சியை அளக்க டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959இலேயே நான்கு நிலைகளை வகுத்தார்: பங்கேற்றவரின் மனநிறைவு, கற்றது, பணியில் நேர்ந்த மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த பலன். நாம் இன்னும் முதல் நிலையிலேயே இருக்கிறோம். பதில் கிடைக்காத அந்தப் பொறியாளரும் "மிக நன்று" என்றே குறித்துவிட்டுப் போனார்.

"திருடுகிறவனுக்குப் பயிற்சி கொடுத்தால் திறமையாகத் திருடுவான்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களே, ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளும் கேள்வி கேட்கத் தெரியாத கீழ்நிலை அலுவலரும் இருக்கும் இடத்தில்தான் திருட்டு சுகமாக நடக்கிறது. "இதன் பராமரிப்புக்கு வழியில்லை" என்று குறிப்புத்தாளில் எழுதத் தெரிந்த ஒரு கணக்கரைக் கண்டு அஞ்சுகிறவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: அந்த ஒப்பந்தத்தையும் இதே அலுவலர்தான் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

"தலைவர் கைகாட்டும் திட்டத்துக்குத்தானே அலுவலர் கணக்கு எழுதுவார்?" என்பது மட்டும் கனமான வாதம். தென்கொரியாவில் 1994 முதல் 1998 வரை அமைச்சகங்கள் தாமே நடத்திய 33 சாத்தியக்கூறு ஆய்வுகளில் ஒன்றே ஒன்றுதான் திட்டம் தேறாது என்றது. திட்டத்தை விரும்பியவர்களே அதை அளந்தார்கள்; அவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. 1999இல் பெருந்திட்டங்களுக்கு முன்சாத்தியக்கூறு ஆய்வு கட்டாயமாகி, அளக்கும் வேலை வேறு கைக்குப் போன பிறகுதான் நிராகரிப்புகள் கணிசமாகக் கூடின. ஆகவே, ஆம், பயிற்சி மட்டும் போதாது. அப்படியானால் கைகாட்டும் தலைவரையும் அதே வகுப்பில், அதே கோப்பின் முன்னால் உட்கார வையுங்கள் என்கிறேன். அவருக்கு நேரமில்லை என்பீர்கள். அடிக்கல் நாட்டுவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

என்னைப் "பயிற்சி வியாபாரி" என்று அழைத்த நண்பருக்கும் ஒரு சொல். என்னிடம் படித்த ஓர் அலுவலர், தம் உள்ளாட்சியின் சாலைகள், கட்டடங்கள், மோட்டார்கள் அனைத்துக்கும் சொத்துப் பதிவேடு தயாரித்து, எதை எப்போது பழுதுபார்க்க வேண்டும் என்று அட்டவணையும் போட்டார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. வேலை முடியும் தறுவாயில் தொடர்பே இல்லாத ஒரு பிரிவுக்கு மாற்றப்பட்டார்; பதிவேடு அலமாரிக்குப் போனது. அவர் இடத்துக்கு வந்தவருக்கு அதே பயிற்சிக்கான அழைப்பு வந்திருக்கிறது, அதே கற்பனைப் பாலத்தோடு. இந்தச் செலவுக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இடமாற்ற ஆணையில் கையெழுத்திட்டவரிடமிருந்து தொடங்குங்கள்; அவரை யாரும் இதுவரை எந்தப் பயிற்சிக்கும் அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை.