சிப் திரையில் மட்டும்தானா?

"எம்.டெக் விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்புப் படிப்பு) படித்தாலும் சிப்பைக் கணினித் திரையில்தான் பார்க்கலாம், இந்தியாவில் அதைச் செய்யவே முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கணினிச் செயலிகளை (புராசஸர்) வடிவமைக்கும் சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தையே பாருங்கள். பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்த செயலி 2018-இல் அமெரிக்க நிறுவனமான இன்டெலின் 22 நானோமீட்டர் (சிப் தொழில்நுட்பத்தின் அளவு; எண் சிறிதானால் புதியது) ஆலையில் சிப்பாகி வந்தது. அதே ஆண்டு இன்னொரு சக்தி செயலி, மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் தயாரானது. வடிவமைப்பும் உற்பத்தியும் இங்கேயே!

சரி, 180 நானோமீட்டர் பழையதுதானே? செல்போனுக்குப் போதாது, உண்மைதான். ஆனால் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பறக்கும் விக்ரம் செயலியும் அதே ஆய்வகத்தில், அதே அளவில் செய்ததுதான். அங்கே வேகத்தைவிட நம்பகத்தன்மை முக்கியம். இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளை அந்தச் செய்தியைக் காட்டித் தயவுசெய்து தடுக்காதீர்கள்.