மூன்று படம் காணும் என்றது வயிற்றெரிச்சலா?

நேற்று இரவோடு அந்தக் கொமென்ட் சண்டையில் இருந்து வெளியே வந்துவிட்டேன். பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் மினக்கெட்டுத் தேடிப் போகவேண்டாம். ஒரு தம்பி போட்ட யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் தேர்த்திருவிழா அல்பம், 412 படம். அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "தம்பி, இதில மூண்டு படம் காணும், மிச்சமெல்லாம் அந்த மூண்டையும் மறைக்குது." காணும் என்றால் போதும். அந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவும் வாங்கிக் கட்டினேன். "அண்ணைக்கு வயித்தெரிச்சல்." "நல்ல கமரா வேண்ட வழியில்லாததுகள் வகுப்பெடுக்க வெளிக்கிட்டிட்டுதுகள்." ஒருவர் எனது பழைய படம் ஒன்றைக் கிண்டி எடுத்து, கடல் சரிந்திருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். சரிந்துதான் இருக்கிறது. ஒரு பாகை வரும். நன்றி.

சரி, என் சுவரில் ஆறுதலாகச் சொல்கிறேன். தம்பி தன் பதிவிலேயே எழுதியிருக்கிறார்: காலையில் 3200 தரம் அழுத்தி, பிறகு இரண்டு இரவு கண்முழித்து 412 ஆக்கினாராம். உழைப்பில்லை என்று யார் சொன்னது? உழைப்பு இடம் மாறி விழுந்திருக்கிறது. எந்தப் படம் என்ற தெரிவை வீதியில் செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயும் பாதியில் விட்டு, மிச்சத்தை எங்கள் தலையில் கொட்டியிருக்கிறார். இதைத்தான் நான் பஞ்சி, சோம்பல் என்கிறேன். ஓடித்திரிந்து, வேர்த்து, வெயிலில் காய்ந்து எடுக்கிறவனுக்கும் பஞ்சி இருக்கும். கால் ஓடும், மூளை படுத்திருக்கும்.

"தருணத்தைத் தவறவிட ஏலாது அண்ணை, அதுதான் பேர்ஸ்ட்" என்று அநேகம் பேர் வந்தார்கள். பேர்ஸ்ட் என்றால் விரலை எடுக்காமல் படபடவென்று தொடர்ந்து எடுப்பது. கணக்குப் பார்ப்போம். செக்கனுக்குப் 10 படம் ஓடுகிற கமரா, சட்டர் வேகம் 1/1000. ஒரு செக்கனில் பத்துத் தரம், ஒவ்வொரு தரமும் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். கூட்டினால் நூறில் ஒரு பங்கு. மீதித் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் கமரா எதையும் பதியவில்லை. தேங்காய் சிதறுகிற கணம் எந்தப் பங்குக்குள் விழும்? இதைவிட, றோவில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் விலை குறைந்த கமராக்களில் சில செக்கனிலேயே பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பும். மெமரி கார்டில் எழுதி முடியும்வரை கமரா இழுபடும். சரியாகத் தேர் திரும்புகிற நேரம் பார்த்து இழுபடும், ஏனென்றால் அதற்கு முன்னமே, சும்மா நின்ற தேரை நாற்பது தரம் எடுத்து முடித்திருப்பீர்கள். மண்டைதீவுப் பக்கம் பூநாரைக் கூட்டம் எழும்பினால் பேர்ஸ்ட் போடுங்கள், சிறகு எந்த நிலையில் நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. அங்கேயும் மூன்று, ஐந்து. விரலை ஆணி அடித்தமாதிரி வைத்திருக்கச் சொல்லவில்லை.

"டிஜிற்றலில காசா பணமா?" இது அடுத்தது. 24 மெகாபிக்சல் றோ கோப்பு ஒன்று 28 மெகாபைற் என்று வைத்தால் 3200 படம் கிட்டத்தட்ட 90 கிகாபைற். ஒவ்வொன்றையும் பத்துச் செக்கன் பார்த்தாலே ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட. பொறிச் சட்டர் உள்ள சாதாரண கமராக்களுக்குப் பெரும்பாலும் ஒரு லட்சம் அழுத்தல் அளவுதான் கணக்குச் சொல்வார்கள். இந்த வேகத்தில் 31 தேர். அதன் பிறகு சட்டர் மாற்றக் கொழும்புக்கு அனுப்பும்போது காசா பணமா என்று கேட்டுப்பாருங்கள்.

உண்மையில் எனக்கு வயிறு எரிந்த இடம் வேறு. தேரைப்போல முன்கூட்டியே தெரிந்த காட்சி எங்கள் ஊரில் இல்லை. எந்த நாள், எந்த வீதி, எந்தத் திசை, எல்லாம் தெரியும். கோயில் கிழக்குப் பார்த்தது. தேர் கிழக்கு வீதியில் இருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி வரும். தெற்கு வீதியில் தேர் மேற்கு நோக்கி வருகிறது. அதன் முன்னால் போய் நின்றால் காலைச் சூரியன் தேருக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்கு நேரே. முகப்பு இருட்டு. அங்கே தேரை எடுக்காதீர்கள், வடத்தை எடுங்கள். வடம் பிடிக்கிற கைகளின் விளிம்பில் வெளிச்சம் கோடு போடும், புகையும் தூசியும் ஒளிரும். வடக்கு வீதியில் தேர் கிழக்கு நோக்கி வரும்போது சூரியன் உங்கள் முதுகில், முகப்பு முழுக்க வெளிச்சம். தேரை எடுக்கிற இடம் அது. இவ்வளவுதான் கதை. முதல்நாள் காலையில் கமரா இல்லாமல் ஒருக்கால் வீதியைச் சுற்றி, மின்கம்பி எங்கே, குழாய் ஸ்பீக்கர் எங்கே, மரநிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்தால் 3200க்குத் தேவையே வராது. அல்பத்தில் தெற்கு வீதி முகப்பு மட்டும் 90 படத்துக்கு மேல். எல்லாம் கறுப்பு முகப்பு, வெள்ளை வானம். பிறகு கணினியில் நிழலை இழுத்துத் தூக்கி, சாம்பல் பூசினமாதிரி.

இன்னொன்று, 10 மணிக்குப் பிறகு எடுத்த முகங்கள். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசி வாரத்திலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். திருவிழாக் காலம் அதை ஒட்டித்தான் வருகிறது. கண்குழிக்குள் கறுப்பு, மூக்குக்குக் கீழே மீசைபோல ஒரு நிழல். பிளாஷ் தேவையில்லை. வீதியில் பரப்பிய மணல் இருக்கிறதே, அதைவிடப் பெரிய றிஃப்ளெக்ரர் எந்த ஸ்ரூடியோவில் இருக்கிறது? பந்தல் நிழலின் விளிம்பில் நிற்கிற ஆளைப் பாருங்கள், முன்னால் வெயில் விழுந்த மணல் வெளிச்சத்தை அவர் முகத்துக்குத் திருப்பி அனுப்பும். பந்தலுக்கு மிக உள்ளே நின்றால் வராது, ஓரத்தில் இரண்டடிக்குள் நிற்க வேண்டும். பின்னேரம் எடுக்கலாம் என்றால், வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற பொன்வெயில் மணித்தியாலம் இங்கே கிடையாது. சூரியன் செங்குத்தாக இறங்குகிற ஊர் இது. அடிவானத்துக்கு ஆறு பாகை மேலே இருந்து மறைய 25 நிமிசம் அளவில் வரும். அந்த 25 நிமிசத்தையும் திரையைக் குனிந்து பார்த்தே முடிக்கிற ஆக்களைப் பண்ணைப் பாலத்தில் எந்தப் பின்னேரமும் பார்க்கலாம்.

வெளிச்சத்தைக் கமராவிடம் விட்டுவிடுவது இன்னொரு பஞ்சி. கமராவின் ஒளி அளக்கிற மீற்றர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கத்தான் பார்க்கும். நூறு வெள்ளை வேட்டி சட்டகத்தை நிறைத்தால் வேட்டி அழுக்காகும், மேனி கரியாகும். வெளிச்சத்தை ஒரு படி (ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு) கூட்டுங்கள். கறுத்த மரக்கதவுக்கு முன்னால் ஒருவர் நின்றால் எதிர்மாறு, முகம் வெளிறும், ஒரு படி குறையுங்கள். இதைவிடச் சுகமான வழி: அதே வெயிலில் உள்ளங்கையைப் பிடித்து அளந்து, வருகிற அளவுக்கு ஒரு படி கூட்டி, மனுவலில் (கமரா தானாக மாற்றாத நிலையில்) பூட்டிவிடுங்கள். காலை வெயிலுக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் துளை) 8, சட்டர் 1/500 இல் தொடங்கலாம். நிழலுக்குள் போனால் ஐஎஸ்ஓ 800, 1/250. வெயில் மாறும்வரை கைவைக்கத் தேவையில்லை. வெள்ளை எரிகிற இடம் மின்னிக்காட்டுகிற எச்சரிக்கையை மட்டும் போட்டு வையுங்கள். வேட்டி மடிப்பு மின்னினால் மூன்றில் ஒரு படி இறக்குங்கள். திரை வடிவாகத் தெரிகிறது என்று நம்பாதீர்கள். வெயிலுக்குள் எல்லாத் திரையும் பொய் சொல்லும்.

ஸூம் பற்றிச் சொன்னால் இன்னும் அடி விழும், பரவாயில்லை. நின்ற இடத்தில் நின்று முறுக்கினால் படத்துக்குள் உள்ளவை ஒன்றுக்கொன்று நிற்கிற விதம் மாறாது, விளிம்புதான் வெட்டுப்படும். அது மாற நீங்கள்தான் இடம் மாறவேண்டும். 18-55 ஸூம் லென்ஸை 35 இல் வைத்து, முறுக்க ஏலாதபடி மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். ஒரு மாதம். முதல் கிழமை விசர் பிடிக்கும். இரண்டாம் கிழமை, கமராவைத் தூக்க முன்னமே எங்கே நிற்கவேண்டும் என்று கால் தானாகப் போகும்.

"சும்மா குறை சொல்லாமல் என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று ஒரு தங்கச்சி நியாயமாகக் கேட்டார். அத்தனை பேருக்குள் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்காக: சுன்னாகம் சந்தையோ குருநகர்க் கரையோ, ஒரே இடம், ஒரு மணித்தியாலம், 36 அழுத்தல். எடுத்த படம் திரையில் தானாக வருவதை நிற்பாட்டுங்கள். ஒரு கொப்பி கொண்டுபோங்கள். அழுத்த முன்னம் மூன்று விஷயம் வாய்க்குள் சொல்லுங்கள்: எதை எடுக்கிறேன், வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது, நாலு மூலையிலும் என்ன இருக்கிறது. அழுத்திய பிறகு எண்ணையும் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன், பத்து நிமிசத்தில் இருபது முடிந்திருக்கும். மிச்சம் பதினாறோடு ஐம்பது நிமிசம் நிற்கவேண்டி வரும், அந்த ஐம்பது நிமிசம்தான் பயிற்சி. வீட்டுக்கு வந்து ஏழு நாள் பார்க்காதீர்கள். உடனே பார்த்தால் பட்ட கஷ்டம் ஞாபகத்தில் இருக்கும், அந்தக் கஷ்டத்துக்காகப் படத்தை வைத்திருப்பீர்கள். ஏழாம் நாள் கொப்பியோடு பாருங்கள். காரணம் எழுத முடியாமல் வெறுமையாக விட்ட எண்கள் அநேகமாக அழிகிற எண்களாகத்தான் இருக்கும்.

போனில் எடுப்பவர்களுக்கும் இதேதான். விரலை அமத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், இரண்டு விரலால் விரித்து ஸூம் பண்ணாதீர்கள். பிரிசெட் (ஒரே அமத்தலில் நிறம் மாற்றுகிற தயார் அமைப்பு) பற்றிப் பேசவே விருப்பமில்லை. காவி மதிலைச் செம்மஞ்சள் ஆக்கி, பனையை நீலமாக்கி வைத்திருக்கிறார்கள். பனை நீலமா ஐயா?

"நீ யார் சொல்ல?" என்று கேட்டவருக்கு. ஒருவரும் இல்லை. பரிசு வாங்கியதில்லை, கண்காட்சி வைத்ததில்லை. தம்பியின் ஒவ்வொரு அல்பத்தையும் முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை பார்க்கிற ஆள், அவ்வளவுதான். லைக் போட்ட எத்தனை பேர் 412ஐயும் பார்த்தார்கள்? நாலாவது படத்தோடு "வேற லெவல்" என்று எழுதிவிட்டுப் போனவர் நண்பர், இருந்து பார்த்தவன் எதிரி. நல்லாயிருக்கு.

எங்கள் பழைய ஸ்ரூடியோக்காரர்கள் 120 என்கிற வகைப் பிலிம் சுருள் ஒன்றில் 12 படம் எடுத்தார்கள். போருக்குள் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரவே தடை இருந்த காலத்தில் கலியாண வீட்டில் யன்னல் வெளிச்சத்துக்கு மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் திருப்பி வைத்து, நாடியைத் தொட்டு நிமிர்த்தி, பிறகுதான் அழுத்துவார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சிப்பட வசதி இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமச் சனம் (யாழ்ப்பாண நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்) இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அல்பத்தைத் தூக்க முடியாமல் நாலைந்து படத்தை மட்டும் உரித்துப் பைக்குள் வைத்த வீடுகள் எத்தனை. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நாலு படம். மழைக்குள் நின்று எந்த நாலு என்று அம்மாமார் தெரிந்தெடுத்தார்கள். பல வீடுகளில் அம்மம்மாவின் முகம் என்று இன்றைக்கு இருப்பது அந்த நாலுக்குள் ஒன்று. இதைக் கொண்டுவந்து ஒரு பொழுதுபோக்குக் கமராச் சண்டைக்குள் போடுவது சரியா என்று எழுதும்போதே யோசித்தேன். போட்டாச்சு, எடுக்கப் போவதில்லை. 412 படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒன்று. அவ்வளவு பேர் திட்டினீர்கள், அந்த மூன்றும் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

57: தெற்கு வீதி, எதிர்வெயில், வடம் பிடிக்கிற கைகள் மட்டும். அதே காட்சிக்கு 14 இரட்டைப்பிள்ளைகள் முன்னும் பின்னும் நிற்கின்றன, 57இல் மட்டும்தான் ஒரு கை வடத்தை விட்டிருக்கிறது.

203: தண்ணீர்ப் பந்தல் ஓரத்தில் ஒரு பெடியன், கையில் சர்பத், எல்லாரும் தேரைப் பார்க்க அவன் மட்டும் கமராவுக்கு மற்றப்பக்கம் எதையோ பார்க்கிறான். மணல் வெளிச்சம் நாடிக்குக் கீழே விழுந்திருக்கிறது.

388: தேர் போன பிறகு வெறும் வீதி. தேங்காய்ச் சிதறல், ஒற்றைச் செருப்பு, விளக்குமாறோடு ஒரு ஐயா. இதற்கு முன்னும் பின்னும் அதே காட்சி இல்லை. ஒரே ஒருதரம்தான் அழுத்தியிருக்கிறார். நேற்று இரவு நான் வெளியே வரும்போது அதற்கு 4 லைக் இருந்தது, அதில் ஒன்று என்னுடையது.