மணலில், ஏரியில், புல்வெளியில் கிடந்த ரேஸ் கார்கள்: உடனே ஸ்டார்ட் பண்ணத் துடிக்காதீர்கள்

எங்கோ எதிர்பாராத இடத்தில் பழைய ரேஸ் கார் ஒன்று கிடைத்தது என்று படம் வந்தால் போதும், "கழுவி விட்டு ஒரு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று கீழே வரிசையாக எழுதிவிடுகிறார்கள். ஆர்வம் புரிகிறது. ஆனால் நாற்பது வருடம் கிடந்து கெடாததெல்லாம் எடுத்த நாற்பது நாளில் கெட்டுப்போவது இந்த அவசரத்தால்தான்.

கார் எங்கே கிடந்தது என்பதை வெறும் சுவாரசியமான செய்தியாகப் பார்ப்பது தவறு. எந்த உலோகம் மிஞ்சியிருக்கும், எது பொடியாகியிருக்கும், முதல் வாரத்தில் எதைச் செய்ய வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது, இதையெல்லாம் அந்த இடம்தான் சொல்கிறது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இடத்தைப் படிக்க வேண்டும்.

முதலில், இந்தக் கார்கள் ஏன் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகின்றன? ஓடி முடித்த ரேஸ் காருக்கு அடுத்த சீசனில் மதிப்பே கிடையாது. விதி மாறும், புது மாடல் வரும், பழையதை ரோட்டிலும் ஓட்ட முடியாது, டிராக்கிலும் ஜெயிக்க முடியாது. ஃபெராரி 250 ஜிடிஓ இன்று உலகிலேயே மிக அதிக விலை போகும் கார்களில் ஒன்று. மொத்தம் தயாரானவை நாற்பதுக்கும் குறைவு. அவற்றில் 3589 என்ற சேஸ் எண் (அடிச்சட்டத்தில் குத்திய எண்) கொண்ட காரை 1960-களில் டெக்ஸாஸில் உள்ள விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். மெக்கானிக் வகுப்பில் பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழக. 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவுக்குக் கொண்டுபோய், டிரெய்லரில் ஏற்றியபடியே திறந்த வெளியில் ஏறத்தாழ பதினைந்து வருடம் நிறுத்தி வைத்தார். யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. அன்றைய விலை அதுதான்.

புல்வெளியில் கிடந்த காருக்கு டிரெய்லர் மேல் நிற்பது பெரிய பாக்கியம். ஈரமண்ணிலிருந்து எழும் ஆவி அடிச்சட்டத்தைத்தான் முதலில் தின்னும். தரையை விட்டு இரண்டடி உயர்ந்தாலே காற்று புகுந்து காய்ந்துவிடும். இன்ஜின் கதை வேறு. பல ரேஸ் இன்ஜின்களின் கார்புரேட்டர் வாய்கள் வானம் பார்த்து இருக்கும். மூடி இல்லையென்றால் மழைத்தண்ணீர் நேரே இறங்கும். பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் சில சிலிண்டர்களின் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும், அந்தச் சிலிண்டர்கள் மட்டும் உள்ளே துருவால் இறுகிவிடும், பக்கத்துச் சிலிண்டர் பளபளப்பாக இருக்கும். ஒரு பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து "உள்ளே சுத்தமா இருக்கு" என்று முடிவெடுப்பது இதனால்தான் ஆபத்து. எல்லாப் பிளக்கையும் கழற்றி, சிறு கேமராவை விட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து பயன்படுத்துவது பட்டறைகளில் பழகிய முறை. அந்தக் கலவை எளிதில் தீப்பிடிக்கும், பெயின்டையும் கரைக்கும், கவனம். ஒரு வாரம் ஊறட்டும், தினமும் கொஞ்சம் விடுங்கள். அதன்பின் கிராங்க் நட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை மாட்டி, கையால், முன்னும் பின்னும் சில டிகிரி மட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் கூடவே கூடாது. துருவால் இறுகிய பிஸ்டனை மோட்டார் பலவந்தமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையலாம், இல்லை ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் அசையவில்லையா, ஹெட்டைக் கழற்றுங்கள். வேறு வழி இல்லை.

கடல் மணலில் புதைந்த கார் இதைவிடப் பல மடங்கு கடினம். வேல்ஸின் பென்டைன் கடற்கரையில் கிடந்த 'பாப்ஸ்' காரைச் சொல்லாமல் இந்தப் பேச்சே முழுமையாகாது. 27 லிட்டர் லிபர்ட்டி விமான இன்ஜின், சங்கிலியால் ஓடும் பின்சக்கரங்கள். லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற பந்தய வீரர் கட்டிய கார். அவர் 1924-ல் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் இறந்தபின் ஜே. ஜி. பாரி-தாமஸ் என்ற பந்தய வீரர் 125 பவுண்டுக்கு வாங்கி, மாற்றியமைத்து, 1926 ஏப்ரலில் இதே கடற்கரையில் மணிக்கு 171.02 மைல் ஓட்டி நில வேகத்தில் உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனையை மால்கம் கேம்பல் முறியடித்துவிட, அதை மீட்க 1927 மார்ச் 3-ம் தேதி போனபோது கார் புரண்டு பாரி-தாமஸ் இறந்தார். உடனிருந்தவர்கள் சீட் தோலைக் கிழித்து, மீட்டர் கண்ணாடிகளை உடைத்து, காரை மணல்மேட்டிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். பிறகு அந்த இடம் ராணுவத்தின் எல்லைக்குள் போனது. 1969-ல் பொறியியல் ஆசிரியர் ஓவன் வின் ஓவன் அனுமதி வாங்கித் தோண்டி எடுத்தார்.

நாற்பத்திரண்டு வருடம் உப்பு ஈரத்தில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் என்ன ஆகும்? மின்வேதி வரிசைப்படி பலவீனமானது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். மெக்னீசியம் இருந்தால் முதலில் அது போகும், அடுத்தது அலுமினியம். இரும்பு தடித்த துருவோடு நிற்கும், பித்தளையும் வெண்கலமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால்தான் கடல் பக்கம் எடுக்கும் கார்களில் அலுமினிய உடல் சல்லடையாகவும், கனமான எஃகுத் துண்டுகள் பயன்படுத்தும் நிலையிலும் இருக்கின்றன.

உண்மையான ஆபத்து வெளியே எடுத்த பிறகுதான். இரும்பின் துருவுக்குள் உப்பின் குளோரைடு ஒளிந்திருக்கும். காற்றுப் பட்டுக் காய ஆரம்பித்ததும் அது துருவை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். எடுத்தபோது உறுதியாகத் தெரிந்த பாகம் சில மாதங்களில் அடுக்கடுக்காக உதிரும். எனவே காய விடக்கூடாது. ஈரச்சாக்கு போட்டு மூடி, தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்புப் பாகங்களை 2 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலிலோ 5 சதவீதச் சலவை சோடா கரைசலிலோ மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கி, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது.

இதே தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். அலுமினிய கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிக்கூடு) எஃகு ஸ்டட், வெண்கல புஷ் எல்லாவற்றையும் பிரித்து, எஃகை மட்டுமே அந்தத் தொட்டியில் இறக்க வேண்டும். பிரிக்க முடியாவிட்டால் காரமே இல்லாத சுத்த நீரில்தான் ஊற வைக்க வேண்டும், காலம் அதிகம் ஆகும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஏர் கன் வைத்து ஊதவே கூடாது. இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் கதிர்வீசும் ரேடியம் இருக்கலாம், அவற்றைத் திறக்க வேண்டாம்.

பாப்ஸைத் திரும்ப ஓடவைக்கப் பதினைந்து வருடம் போல ஆனது. அப்படியே விடாமல் ஓடவைத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. அப்படி ஒரு கார் உலகில் வேறு இல்லை. உடல் தகடுகள் ஏற்கெனவே போய்விட்டன, புகைப்படங்கள் ஏராளமாக இருந்தன. அதோடு தோண்டியெடுத்த இரும்பு ஒரு சாட்சியாகவும் இருந்தது. சங்கிலி அறுந்து பாரி-தாமஸைத் தாக்கியது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பின்னாளில் சந்தேகம் பின்சக்கரம் உடைந்ததன் பக்கம் திரும்பியது. முதல் வாரமே பட்டறையில் வைத்து மணல் வீசித் துருவைச் சுரண்டியிருந்தால், உடைந்த விளிம்பைப் பார்த்து யாரும் வாதிடவே முடியாது.

இதற்கு நேர்மாறான முடிவும் சரியாக இருக்க முடியும். சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில், மஜோரே ஏரியின் அடியில், 53 மீட்டர் ஆழத்தில் கிடந்த புகாட்டி டைப் 22 பிரெஷாவைப் பாருங்கள். 1921-ல் பிரெஷா நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டிகள் முதல் நான்கு இடத்தையும் பிடித்ததால் வந்த பெயர் அது. 1925-ல் செய்த இந்தக் காருக்கு வரி கட்ட ஆளில்லாமல் போனதால், 1930-களில் சுங்கத்துறையினர் ஏரியில் இறக்கிவிட்டார்கள். மேலே சங்கிலி கட்டி வைத்திருந்ததாகவும், சங்கிலி துருப்பிடித்து அறுந்து கார் ஆழத்துக்குப் போனதாகவும் சொல்கிறார்கள். 1967-ல் முக்குளிப்பவர் ஒருவர் கண்டுபிடித்தார். 2009 ஜூலை 12-ல் உள்ளூர் முக்குளிப்புச் சங்கத்தார் மேலே எடுத்தார்கள். வன்முறைக்குப் பலியான ஓர் இளைஞர் பெயரிலான அறக்கட்டளைக்கு நிதி சேர்ப்பதே நோக்கம். 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது.

நன்னீர், குளிர், ஆழத்தில் உயிர்க்காற்று குறைவு. சேற்றில் புதைந்த பக்கம் நன்றாகவே தப்பித்தது, தண்ணீரில் நின்ற பக்கம் பெரும்பாலும் கரைந்தது. மீட்கத்தக்க நிலையில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும் என்று மதிப்பிட்டார்கள். இதைப் "புதுப்பித்தால்" ஐந்தில் நான்கு பங்கு புது உலோகம், பழைய எண். ஓடும் பிரெஷாக்கள் வேறு நிறைய இருக்கும்போது அது எதற்கு? வாங்கிய பீட்டர் முல்லின் துருவோடே அருங்காட்சியகத்தில் வைத்தார். நெஞ்சாரப் பாராட்டுகிறேன். இப்படி வைப்பதும் சும்மா வைப்பதல்ல. நீரூறிய மரச்சட்டம் வேகமாகக் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் ஊற வைத்து, மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்துவதே இத்தகைய மரத்துக்கான முறை.

1930-களில் ஓடிய ஜெர்மானிய ரேஸ் கார்களான ஆட்டோ யூனியன்களின் கதி இன்னொரு வகை. போர்க்காலத்தில் ஸ்விக்காவ் பக்கத்துச் சுரங்கத்தில் ஒளித்து வைத்திருந்தவற்றை சோவியத் படை 1945-ல் போர் இழப்பீடாக எடுத்துப்போனது. பதினெட்டு கார்கள். ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பங்கு போட்டுப் பிரித்து, கழற்றி, பார்த்து முடித்ததும் பழைய இரும்பாக்கினார்கள். பதினாறு சிலிண்டர் மலைப்பந்தயக் கார் ஒன்று மாஸ்கோவின் ஜில் தொழிற்சாலையில் வெட்டுப்படக் காத்திருந்தபோது, 1976-ல் ரீகாவைச் சேர்ந்த விக்டர்ஸ் குல்பெர்க்ஸ் காப்பாற்றினார். இன்று மூலக் கார் ஆட்டோ யூனியனின் வாரிசான ஆவுடி (Audi) நிறுவனத்திடம் இருக்கிறது, ரீகாவுக்குத் துல்லியமான நகல் கொடுத்தார்கள். நகல் என்று எழுதி வைத்த நகல் எனக்கு முழுச் சம்மதம். எழுதாமல் விட்டதுதான் மோசடி. இன்னும் இரண்டு கார்களின் துண்டுகளை அமெரிக்கரான பால் கராசிக் சோவியத் நாட்டில் தேடித் தேடிச் சேர்த்தார், இங்கிலாந்தில் அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

இந்த வகைக் கார்களைத் தொடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இவை மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடியவை. ஓட்டி முடித்ததும் பெட்ரோல் விட்டு அலசாவிட்டால், ஈரம் இழுத்து கார்புரேட்டர், பம்ப், டேங்க் எல்லாம் வெள்ளை மாவு பூத்துவிடும். அடுத்து, அக்காலத்து ரேஸ் இன்ஜின்கள் பலவற்றில் ஆமணக்கு எண்ணெய்தான் ஆயில். பழசானால் அரக்கு மாதிரி இறுகும், சாதாரண மினரல் ஆயிலோடு சேராது. உள்ளே மிச்சம் இருக்கும்போதே புது ஆயில் ஊற்றி ஓட்டினால் கூழாகி ஆயில் வழிகளை அடைத்து, பேரிங் உருகும். சம்ப், பில்டர், கிராங்க் உள்துளை பிளக்குகள் வரை கழற்றித் துடைத்தால்தான் ஆயிற்று.

வேலைக்குப் போனதால் பிழைத்த கார் ஒன்றும் உண்டு. ஜான் காப் 1935-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் டிராக்கில் மணிக்கு 143.44 மைல் ஓட்டிய 24 லிட்டர் நேப்பியர்-ரெயில்டன், போருக்குப் பின் ஒரு பாராசூட் நிறுவனத்திடம் போய், விமான பிரேக் பாராசூட்டுகளை இழுத்துச் சோதிக்கும் வண்டியானது. அதற்கென்று டிஸ்க் பிரேக் மாட்டினார்கள். "அசல் கெட்டுவிட்டது" என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு ஏற்பில்லை. ஓடிக்கொண்டிருந்ததால்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை.

கடைசியாக எண் விவகாரம். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரே ஏலத்தில், நெருப்பில் கருகி நசுங்கிய 1954 ஃபெராரி 500 மோண்டியல் ஒன்று 18,75,000 டாலருக்குப் போனது. சூறாவளியில் கொட்டகை சரிந்து 2004-ல் வெளிச்சத்துக்கு வந்த தொகுப்பைச் சேர்ந்தது. பலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, அங்கே விற்றது அடையாளம். எரிந்த எஃகுக் குழாயின் பலத்தை நம்பக்கூடாது, ஆனால் அதில் குத்திய எண் செல்லும். ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடும் வழக்குகள் இந்த உலகில் சகஜம். ரிவெட் அடித்த தகட்டை நம்பாமல் சேஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எண்களையும் வெல்டிங் தழும்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் தேய்ந்திருந்தாலும், குத்தியபோது விழுந்த அழுத்தம் அதன் அடியிலும் உலோகத்தில் பதிந்திருக்கும். வல்லுநர்கள் அமிலக் கரைசல் தடவி அதை வெளிக்கொண்டு வருவார்கள். கிரைண்டரால் ஆழமாகத் தேய்த்த இடத்தில் அதுவும் கிடைக்காது.

ஆகவே கார் கிடைத்த இடத்திலேயே, நகர்த்துவதற்கு முன், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கீழே உதிர்ந்த துண்டுகளை எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிய பைகளில் போடுங்கள். மண்ணைச் சலித்து போல்ட், ரிவெட், பெயின்ட் செதில் வரை எடுத்து வையுங்கள், அணியின் அசல் நிறம் அந்தச் செதிலின் அடியடுக்கில் இருக்கும். பழைய இறக்குமதிச் சீட்டு, பந்தயப் பதிவுத்தாள், கடிதம் எதுவானாலும் எலி கடித்திருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். டயரில் காற்று அடிக்காதீர்கள், பழைய மெக்னீசியம் சக்கரங்களின் மேல் காரை உருட்டாதீர்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துக்குக் கீழே சறுக்குத் தட்டு வைத்து இழுங்கள்.