ஆறு வருடம் கழித்து மண்டியிட்டேன்

கத்தோலிக்கர் வீட்டிலேயே செபித்தால் போதாதா, கோவில் பூசையும், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் எதற்கு என்று ஒரு கட்டுரையில் கேட்டிருந்தார்கள். பெங்களூர் வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறு வருடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சும் நின்றுபோயிருந்தது. ஒரு தவக்காலத்தில், சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் போய் மண்டியிட்டேன். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் பாதியில் மறந்துவிட்டது. ஃபாதர் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார். அப்புறம், "அண்ணனுக்கு இன்னைக்கே ஃபோன் பண்ணுங்க" என்றார். தனியாகச் செபித்த ஆறு வருடத்தில் அதை நான் ஒருநாளும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன இரகசியத்தைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாது. நேரடியாக உடைத்தால் திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாவார். சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டம்தான்.

பூசையை யூடியூபில் பார்க்கலாம், சரி. பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாதே! போன ஈஸ்டருக்கு அண்ணன் திருச்சியிலிருந்து வந்திருந்தார். நற்கருணை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.